மௌனம் சம்மதம் அல்ல: ஒரு நோட்ஸும் முந்நூறு வருடக் கதையும்

பி.காம் படிக்கிறவன் சட்ட வரலாறு பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு நோட்ஸ் உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங், மொத்தம் 84 பக்கம். எங்களுக்கு இரண்டு வருடம் சீனியரான ஓர் அக்கா கைப்பட எழுதியது. பிராசஸ் காஸ்டிங் கணக்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் எந்த இடத்தில் குழப்பும் என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் கட்டம் போட்டு விளக்கியிருப்பார். அரியர் வைத்திருந்த பலரைக் கரையேற்றிய நோட்ஸ் அது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் முதல் பக்கம் எப்போதோ தொலைந்துவிட்டது. அக்காவின் பெயர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

சென்ற செமஸ்டரில் முதலாமாண்டுப் பையன் ஒருவன் இணையத்தில் 99 ரூபாய் கொடுத்து ஒரு நோட்ஸ் வாங்கி வந்தான். திறந்து பார்த்தால் அதே கட்டங்கள், அதே எழுத்துப்பிழைகள் கூட! மேலே வேறு யாரோ ஒருவருடைய பெயர். அக்காவுக்கு போன் செய்தேன்.

"காசுக்கு விக்கிறாங்கன்னு கூட வருத்தமில்ல தம்பி. என் பேரை எடுத்துட்டாங்க பாரு, அதான். ஆனா நான் போய் என்னன்னு கேக்கறது? யாரும் எடுக்காதீங்கன்னு நான் எப்பவுமே சொல்லலையே!"

இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஒருவர் எதுவுமே சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? 'எடுத்துக்கொள்' என்றா, 'தொடாதே' என்றா? தேடிப் படித்தபோது, இந்தக் கேள்விக்குச் சட்டம் சொன்ன பதிலே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

கேட்டால்தான் உரிமை

வணிகச் சட்டப் பாடத்தில் ஒரு குதிரை வழக்கு வரும், நினைவிருக்கிறதா? 1862-ல் இங்கிலாந்தில் நடந்தது. மாமா ஒருவர் தன் மருமகனுக்கு, "பதில் வராவிட்டால் குதிரை எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன்" என்ற பொருளில் எழுதுகிறார். மருமகன் பதில் எழுதவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் மௌனம் சம்மதம். ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி இல்லை.

ஆனால் எழுத்து விஷயத்தில் ஆரம்பத்தில் கதை வேறு. 1710-ல் இங்கிலாந்தில் ராணி ஆன் காலத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுதியவருக்கே உரிமை என்று முதன்முதலாகச் சொன்ன பதிப்புரிமைச் சட்டம் இதுதான் என்பார்கள். 'கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம்' என்பதுதான் அதன் தலைப்பு. புதிய புத்தகத்துக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டு. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அத்துமீறியவருக்கு அந்தச் சட்டப்படி தண்டம் விதிக்க வேண்டுமானால், புத்தகத்தை லண்டன் பதிப்பாளர் சங்கத்தின் ஏட்டில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 1790-ல் அமெரிக்காவும் ஏறக்குறைய இதே முறையை எடுத்துக்கொண்டது. அதே 14 கூட்டல் 14, அதே பதிவு.

அதாவது, உரிமை வேண்டும் என்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவர் எழுத்து பெரும்பாலும் பொதுச் சொத்து. அந்தக் காலத்தில் மௌனம் சம்மதம்தான்.

1886-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு நாட்டு எழுத்தாளருக்கு இன்னொரு நாட்டிலும் பாதுகாப்பு என்பது அதன் நோக்கம். 1908-ல் பெர்லினில் அதைத் திருத்தியபோது, பாதுகாப்புக்குப் பதிவு போன்ற எந்தச் சடங்கும் தேவையில்லை என்று முடிவானது. எழுதிய அந்த நிமிடமே உரிமை பிறந்துவிடும்! எழுத்தாளருக்கு இது பெரிய நன்மை. பதிவு செய்யத் தெரியாத ஏழை எழுத்தாளரை இனி ஏமாற்ற முடியாது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. மௌனத்தின் அர்த்தம் தலைகீழானது. ஒன்றும் சொல்லாவிட்டால் 'கூடாது' என்று பொருள்.

அமெரிக்கா இதில் நீண்ட காலம் சேரவில்லை. 1989-ல்தான் சேர்ந்தது. அதுவரை அங்கே வெளியிடும் புத்தகத்தில் உரிமைக் குறிப்பு அச்சிடாவிட்டால் உரிமையே போய்விடும் நிலை இருந்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் இன்றும், பல திருத்தங்களோடு. இங்கும் பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் காலம் முழுவதும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. முதலில் இது 50 ஆண்டாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு உரிமை 1991-ன் முடிவில் தீரவிருந்த சமயத்தில் 60 ஆக நீட்டினார்கள்.

எங்கள் அக்காவின் நோட்ஸுக்கும் இதே கணக்குதான். பிராசஸ் காஸ்டிங் நோட்ஸுக்கு அக்காவின் ஆயுள் கூட்டல் 60 வருடம் பாதுகாப்பு. அதற்குள் பிராசஸ் காஸ்டிங்கே இருக்குமா தெரியாது :)

டெல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை

எல்லாமே 'கூடாது' என்றால் வகுப்பு எப்படி நடக்கும்? அதற்காகச் சட்டத்திலேயே சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தின் 52-வது பிரிவு, பயிற்றுவிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுத்தால் அது மீறல் ஆகாது என்கிறது. ஆனால் 'பயிற்றுவிக்கும்போது' என்றால் எது வரை? வகுப்பறைக்குள் மட்டுமா? ஜெராக்ஸ் கடை வரைக்குமா?

2012 ஆகஸ்டில் இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களின் தரப்பு, டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குப் போட்டது. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து குறித்துக் கொடுக்க, கடை அவற்றைத் தொகுத்துப் பிரதி எடுத்து விற்றது. நம் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். மாணவர்களும் கல்வியாளர்களும் சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பயிற்றுவித்தல் என்பது நான்கு சுவருக்குள் நடக்கும் பாடம் மட்டுமல்ல, வகுப்புக்கு முன்னும் பின்னும் மாணவர் படிப்பதும் அதில் அடங்கும் என்பது அவர் பார்வை. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் பெரும்பாலும் இதையே உறுதி செய்து, சேர்த்த பகுதிகள் பாடத்துக்குத் தேவையானவைதானா என்பதை மட்டும் மேலும் விசாரிக்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன.

மாணவர்களுக்கு வெற்றிதான். ஆனால் பாருங்கள், ஒரு ஜெராக்ஸ் கட்டுக்கு 'எடுக்கலாம்' என்ற பதில் கிடைக்க நாலரை வருடம்! 2012-ல் முதலாண்டு சேர்ந்தவர் பட்டமே வாங்கிப் போயிருப்பார். அதோடு, தொகுப்பைத் திருத்தி இணையத்தில் உலகத்துக்கே பொதுவில் வைக்கலாமா என்பதெல்லாம் அந்த வழக்கின் கேள்வியே இல்லை. விலக்கு என்பது சண்டை வந்தால் காட்டும் கேடயம். முன்கூட்டியே கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு அல்ல.

அனுமதிச் சீட்டு எழுதியவர்கள்

அந்தச் சீட்டை முதலில் எழுதியவர்கள் மென்பொருள்காரர்கள். 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1989-ல் பொதுப் பயன்பாட்டு உரிமம் ஒன்றை வெளியிட்டார். இதை எடு, படி, மாற்று, பிறருக்குக் கொடு. ஆனால் நீ கொடுக்கும்போதும் இதே சுதந்திரத்தோடு கொடு. இதுதான் சாரம். இதில் அழகு என்னவென்றால், அவர் பதிப்புரிமையைத் தூக்கி எறியவில்லை. பதிப்புரிமை இருப்பதால்தானே நிபந்தனை போட முடிகிறது! பூட்டையே வைத்துக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

1998-ல் டேவிட் வைலி என்ற அமெரிக்கப் பட்டமேற்படிப்பு மாணவர், மென்பொருளுக்குச் செய்ததைப் பாடங்களுக்கும் ஏன் செய்யக்கூடாது என்று யோசித்து 'திறந்த உள்ளடக்க உரிமம்' ஒன்றை வெளியிட்டார். அதாவது வகுப்பறைக்கான இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு மாணவர்தான்.

அதே 1998-ல் அமெரிக்க அரசு பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டு நீட்டித்தது. எரிக் எல்ட்ரெட் என்பவர் உரிமை தீர்ந்த பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி வந்தார். ராபர்ட் ஃபிராஸ்டின் 1923-ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பை ஏற்றக் காத்திருந்தவருக்கு இது பேரிடி. வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக். 2003 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஃபிராஸ்டின் அந்தப் புத்தகம் பொதுவுக்கு வந்தது 2019 ஜனவரி 1 அன்றுதான்.

ஆனால் அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லெசிக், எல்ட்ரெட், கணினிப் பேராசிரியர் ஹால் ஏபெல்சன் முதலியோர் 2001-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். சட்டம் மாறும் வரை காத்திருக்காமல், கொடுக்க விரும்புகிறவர் தானே கொடுப்பதற்கு ஒரு வழி. 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வந்தன. இப்போது இருப்பது 2013-ல் வந்த நான்காம் பதிப்பு.

நான்கே நிபந்தனைகள்தான். ஒன்று, என் பெயரைச் சொல். இரண்டு, மாற்றினால் மாற்றியதையும் இதே உரிமத்தில் கொடு. மூன்று, வணிக நோக்கில் பயன்படுத்தாதே. நான்கு, மாற்றியதை வெளியிடாதே. பெயர் சொல்வது எல்லாவற்றிலும் உண்டு. மற்றவற்றைச் சேர்த்தும் விட்டும் மொத்தம் ஆறு உரிமங்கள் கிடைக்கின்றன. கொடுத்த பிறகு, நிபந்தனையை மதிக்கிறவரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டிய இடம் இது.

வகுப்பறைக்குள் இது வந்த வேகம் ஆச்சரியமானது. தன் பாடங்களை இலவசமாகத் தரப்போவதாக 2001-ல் அறிவித்த அமெரிக்காவின் எம்.ஐ.டி, இந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டு 2007-க்குள் 1,800 பாடங்களைத் தாண்டியது. 2002-ல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. 2009-ல் விக்கிப்பீடியா இந்த உரிமத்துக்கு மாறியது, தமிழ் விக்கிப்பீடியா உட்பட. 2013-ல் தொடங்கப்பட்ட இந்தியாவின் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியமும் இதையே எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இன்னொரு ஜெராக்ஸ் கடை

அப்படியானால் உரிமம் போட்டால் வழக்கே வராதா? வரும். கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு யுரேகா மேத் என்ற கணிதப் பாடத்தை 'வணிக நோக்கு கூடாது' என்ற நிபந்தனையோடு வெளியிட்டிருந்தது. பள்ளிகள் அதை ஃபெட்எக்ஸ் பிரதிக் கடையில் காசு கொடுத்து நகல் எடுத்தன. கடை லாபம் பார்க்கிறதே, எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கிரேட் மைண்ட்ஸ் கடை மீது வழக்குப் போட்டது. 2018-ல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரிமத்தைப் பயன்படுத்துவது பள்ளி, அதன் நோக்கம் வணிகமல்ல. பள்ளி சொன்ன வேலையைக் கடை கூலிக்குச் செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். 2019-ல் ஆஃபீஸ் டிப்போ கடைக்கு எதிரான வழக்கிலும் இதே முடிவுதான்.

இரண்டு கடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெல்லியில் தகராறு, அனுமதியே இல்லாமல் எடுக்கலாமா என்பது. அமெரிக்காவில் எடுக்க அனுமதி உண்டு, கொடுத்த அனுமதியில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் தகராறு. மௌனம் போய்ப் பேச்சு வந்துவிட்டது. பேச்சிலும் சொல்லைப் பார்த்துப் போட வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

தமிழருக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைத் தன்வசம் எடுத்து, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அதனால்தான் நம் பள்ளி ஆண்டு விழாக்களில் பாரதி பாடலை யாரிடமும் கேட்காமல் பாடுகிறோம். அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பில் இணையத்தில் ஏற்றத் தொடங்கியது.

ஆனால் நாட்டுடைமை என்பது அரசு பார்த்துச் செய்வது, பெரும்பாலும் எழுத்தாளர் மறைந்த பிறகு. காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸை யாரும் நாட்டுடைமை ஆக்கப்போவதில்லை! திறந்த உரிமத்தை உயிரோடு இருக்கும் சாதாரண ஆள் தானே ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், இன்று எழுதுகிறவர்களிடம் கேட்டு இந்த உரிமத்தில் மின்னூல்கள் வெளியிட்டு வருவது இதற்கு நல்ல உதாரணம்.

அக்கா என்ன செய்தார்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் சட்டப்படி உரிமை அவருடையதுதான். எழுதியவர் என்ற பெயரைக் கோரும் உரிமையை 57-வது பிரிவும் தருகிறது. ஆனால் 99 ரூபாய் நோட்ஸுக்காக யார் கோர்ட்டுக்குப் போவது? அவர் கேட்டது அதுவல்ல. "பசங்க படிக்கட்டும், பேரு மட்டும் இருக்கட்டும்." இதைச் சொல்லத்தானே நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன!

நோட்ஸைப் புதிதாக வெளியிட முடிவு செய்தோம். அங்கேதான் ஒரு சிக்கல். 11 கணக்குகள் ஒரு பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தவை. நமக்குச் சொந்தமில்லாததற்கு நாம் உரிமம் கொடுக்க முடியாது. தன் பெயர் போனதற்கு வருத்தப்பட்ட அக்கா, தான் எடுத்ததையும் அன்றுதான் கவனித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 11 கணக்குகளையும் புதிதாகப் போட்டார்.

'வணிக நோக்கு கூடாது' போடலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்கும் நம் கடை அண்ணன் பயப்படக் கூடாது என்பதால் வேண்டாம் என்றார். பெயர் சொல், இதே உரிமத்தில் கொடு, இரண்டு மட்டும். 99 ரூபாய்க்காரர் நாளைக்கு இதையும் விற்கலாம். ஆனால் நிபந்தனைப்படி அக்காவின் பெயரும் உரிமக் குறிப்பும் போட்டுத்தான் விற்க வேண்டும். வாங்கிய முதல் ஆள் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தால் அவரால் தடுக்க முடியாது. பழைய பிரதி இன்னும் இணையத்தில் விற்பனையில்தான் இருக்கிறது. அதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெயரையும் உரிம வரியையும் இந்த முறை அட்டையில் மட்டும் போடவில்லை. 84 பக்கத்திலும் அடியில் போட்டோம். அட்டை தொலையும், அனுபவம்.

புதிய பிரதியைக் கடையில் கொடுத்தபோது அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னப்பா எல்லாப் பக்கத்துலயும் கீழ எழுதியிருக்கு? நான் காப்பி போடலாம்ல?"

"அதான்ணே எழுதியிருக்கு."